இரண்டாவது துண்டு

ஓட்மார் லைஸ்லரிடம் திட்டு வாங்காதவர்கள் எங்கள் வளையத்தில் யாரும் கிடையாது. நான் வாங்கியிருக்கிறேன். எங்கள் இயக்குநர் வாங்கியிருக்கிறார். ஜப்பானிலிருந்து வந்த ஒரு பெரிய பேராசிரியர், சட்டைப் பையில் பேனாவோடு திறந்த குழாய்க்கு மேலே குனிந்ததற்காக வாங்கிக்கொண்டு, தன் வாழ்நாளிலேயே அப்படி ஒருவர் தன்னைத் திட்டியதில்லை என்று மகிழ்ச்சியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வளையம் என்றால் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான சுற்றளவுள்ள ஒரு குழாய். எலெக்ட்ரான்களை எல்லாம் உரித்துப்போட்ட கனமான அணுக்கள் அதற்குள் நொடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல் சுற்றும். அப்படி மணிக்கணக்கில் சுற்றினால்தான் அவற்றின் எடையையும் ஆயுளையும் அளக்க முடியும். வழியில் ஒரே ஒரு காற்று மூலக்கூறு குறுக்கே வந்தால் போதும், அம்மணமான அந்த அணு அதனிடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்கி உடுத்திக்கொண்டு, தடம் மாறி, சுவரில் முட்டிக்கொள்ளும். ஆகவே குழாய்க்குள் ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த ஒன்றுமில்லாமையைக் கட்டிக்காப்பதுதான் ஓட்மாரின் வேலை. "ஒண்ணுமில்லாததுக்குக் காவல் காக்கறாரு, அதுக்குச் சம்பளம் வேற குடுக்கறாங்க" என்று அவர் மனைவி கெர்லிண்ட ஊர்த் திருவிழாவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

குழாயின் உள்சுவரில் ஒரு விரல்ரேகை பட்டால், அந்தக் கொழுப்பு மாதக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு உறிஞ்சினாலும் குழாய் காலியாகாது. ஓட்மாருக்கு அந்த விரல்ரேகைதான் சாத்தான். கையுறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். யாராவது கையுறையின் விரல் பகுதியைத் தொட்டு எடுத்தால் தீர்ந்தது. "விளிம்பைப் புடிங்க, விளிம்பை! காலைல தின்ன வெண்ணெய் உங்க விரல்ல இருக்கு. அதை என் குழாய்க்கு ஊட்டாதீங்க." பேராசிரியராக இருந்தாலும் அந்தக் கையுறை குப்பைக்குப் போகும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை. வளையத்தில் தப்பு செய்தவர் வியாழக்கிழமை காபி நேரத்துக்குக் கட்டுப்பாட்டு அறைக்கு கேக் கொண்டுவர வேண்டும். வெட்டுவதற்கு முன், தான் செய்தது என்ன என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொன்ன பிறகு எல்லோரும் சாப்பிடுவோம், அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கட்டுப்பாட்டு அறையில் உட்காருபவள் நான், எத்தனையோ கேக் கொடுத்திருக்கிறேன். ஓட்மார் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் யாருடைய கேக்கையும் அவர் தின்றதும் இல்லை. மார்ச் மாதம் தன் பிறந்தநாளுக்கு மட்டும், கெர்லிண்ட சுடுகிற மாவுத்தூள் தூவிய ரிவெல் கேக்கைக் கொண்டுவருவார். இங்கே பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு குளிர்காலத்தில் ஸ்மராண்டா என்ற ருமேனியப் பெண்ணுக்காக வளையத்தைத் திறந்தோம். முனைவர் பட்டத்துக்கு வந்தவள். எலெக்ட்ரான்கள் உடுத்தியிருக்கும்போது சாகாத ஓர் அணுக்கரு, அம்மணமாக ஓடும்போது சிதைந்து செத்துப்போகுமா என்பதும், எவ்வளவு நேரத்தில் சாகும் என்பதும்தான் அவள் கேள்வி. அதற்கு அணுக்கள் வெகுநேரம் சுற்றியாக வேண்டும். அவளுக்குக் கிடைத்திருந்ததோ சில நாட்கள், அதுவும் இரண்டு வருடம் காத்திருந்து கிடைத்தவை. கோடையில் உதவித்தொகை முடிகிறது. அந்த நாட்கள் போனால் பட்டமும் போய்விடும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவள் தன் கருவியைக் குழாய்க்குள் பொருத்தினாள். ஓட்மார் காற்றுப் புகாமல் அடைக்கும் செப்பு வளையத்தை வைத்து மூடித் தகட்டை முடுக்கினார். பிறகு வழக்கம்போலக் குழாய் முழுவதையும் சூட்டுப் போர்வையால் சுற்றி, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமெல்லாம் வெளியேறும்வரை பல நாள் வேகவைத்தோம். ஆறிய பிறகும் குழாய் காலியாகவில்லை. மிச்சக் காற்றை எடைபோடும் கருவியைப் பார்த்தால் திரையில் சீப்புப் பல் போல வரிசையாகக் கோடுகள். ஈரமும் இல்லை, ஓட்டையும் இல்லை. அது கொழுப்பு.

கூட்டம் கூடியது. அந்த மூடிக்குப் பின்னால் கை விட்டவர்கள் இரண்டே பேர். ஓட்மார் எழுந்து நின்று தன் கைகளை விரித்துக் காட்டினார். இந்தக் கை இத்தனை வருஷத்தில் ஒரு தடம்கூட வைத்ததில்லை என்றார். ஸ்மராண்டா தானும் கையுறையை மாற்றிக்கொண்டுதான் வேலை செய்ததாகச் சொன்னாள்.

"அப்ப கொழுப்புக்குக் கால் மொளைச்சு அதுவா உள்ள போச்சா?" என்று கேட்டார் ஓட்மார். "வேலை நடுவுல நீ தலைமுடிய ஒதுக்கவே இல்லையா? மூக்கத் தொடவே இல்லையா? யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசித்தாள். யோசித்ததுதான் அவள் செய்த குற்றம். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் இல்லவே இல்லை என்று மேசையில் அடித்துச் சொல்லியிருப்பேன். அவளோ, நெற்றியில் விழுந்த முடியை ஒருவேளை தள்ளிவிட்டிருக்கலாம், நிச்சயமாகத் தெரியவில்லை என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியிலிருந்து வந்த விருந்தாளியின் தப்பால் நாட்கள் வீணானால் அவை போனவைதான். வீட்டார், அதாவது எங்கள் தப்பு என்றால் மட்டும்தான் திருப்பித் தருவார்கள். நாட்களைப் பங்கிட ஈஸ்டருக்கு முன் கூடும் குழு அதை முடிவு செய்யும்.

வியாழக்கிழமை அவள் கேக்கோடு வந்தாள். வால்நட் அரைத்து உள்ளே சுருட்டிய அவர்கள் ஊர் இனிப்பு ரொட்டி. முந்தின நாள் முழுக்க அடுப்படியில் நின்றிருப்பாள் போல, கண்கள் வீங்கியிருந்தன. எங்கள் வழக்கத்தை யார் அவளுக்குச் சொன்னார்களோ, வார்த்தை பிசகாமல் செய்தாள். "நான் வளையத்தை அழுக்காக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாள். ஓட்மார், தான் இன்னும் ஒரு கேக்கும் கடன்படவில்லை என்று வழக்கமான பாட்டைப் பாடிவிட்டு முதல் ஆளாகத் தட்டை நீட்டினார்.

அந்த முதல் துண்டைத் தின்னும்போது நடந்தது என்ன என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. ஓட்மாரே சொன்னார். நாங்கள் ஒரே ஊர், ஒரே ட்ராமில் வீடு திரும்புகிறவர்கள். எப்போதும் ஆல்கஹாலில் கழுவிக் கழுவி அவர் கைகள் குளிர்காலத்தில் வெடித்து ரத்தம் கசியும். அந்த வருஷம் கெர்லிண்ட, மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் தன் தங்கையிடமிருந்து ஒரு டப்பா வாங்கி வந்திருந்தாள். பால் கறப்பதற்கு முன் மாட்டின் மடியில் பூசும் கொழுப்பு. கைக்கு அதைவிட நல்லது இல்லை என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். காலையில் அவர் கிளம்பும் முன் அவளே பூசிவிடுவாள்.

முள்கரண்டி அவர் விரலில் வழுக்கியது. குனிந்து பார்த்தார். வெள்ளித் தண்டின் மேல் பிசுபிசுப்பாகத் தன் கட்டைவிரல் ரேகை, அச்சடித்த மாதிரி. மூடியைப் போட்ட அன்று தகட்டைத் தாங்கிப் பிடித்தபடியே, அவசரத்தில் இன்னொரு கையால் பெட்டிக்குள் துழாவிக் கையுறையை எடுத்தது ஞாபகம் வந்தது. விளிம்பைப் பிடிக்கவில்லை.

"இன்னொண்ணு போடட்டுமா, ஹெர் லைஸ்லர்?" என்று ஸ்மராண்டா கேட்டாள். எங்களில் அவரை ஹெர் என்று மரியாதை போட்டுக் கூப்பிட்டவள் அவள் ஒருத்திதான். வேண்டாம் என்றால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று பயந்து, போடு என்றார். அந்த இரண்டாவது துண்டை எப்படி மென்று விழுங்கினோம் என்று தனக்கே தெரியாது என்றார்.

அதன் பிறகு அவர் யாரையும் திட்டவில்லை. மனிதருக்கு உடம்பு சரியில்லை என்று பேசிக்கொண்டோம். வீட்டில் அந்த டப்பாவைக் குப்பையில் போட்டார். கெர்லிண்ட அதை எடுத்துத் துடைத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள். எதற்குத் தூக்கிப் போட்டீங்க என்று கேட்டதற்கு, நாற்றம் தாங்கவில்லை என்று பொய் சொன்னார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்ல வாய் வரவில்லை. சொல்லிவிடலாம் என்று இயக்குநரின் அறைவரை போவார், வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்புவார்.

ஒரு நாள் ட்ராமில் ஸ்மராண்டா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஊருக்குத் திரும்பிப் பள்ளிக்கூடத்தில் வேலை தேடப்போவதாகச் சொன்னாள். பிறகு அவர் கைகளையே பார்த்துக்கொண்டு, "உங்க வளையத்தைக் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சிருங்க" என்றாள்.

"பரவால்ல" என்றார் ஓட்மார்.

இதைச் சொல்லும்போதுதான் அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தான் செய்த தப்புக்கு இன்னொருத்தியை மன்னித்த மனிதர். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்றார். எனக்கும் அவர்மேல் கோபம்தான் வந்தது, இரக்கம் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

அவர் பிறந்தநாள் அந்த மார்ச்சில் வியாழக்கிழமையில் விழுந்தது. குழு கூடுவது அடுத்த திங்கள். ஓட்மார் ஒரு கணக்குப் போட்டார். கேக்கை வைப்பது, சொல்வது, முடிப்பது என்று. ஆனால் கூடவே ஒரு கள்ளக் கணக்கும் இருந்தது. வாய் வராவிட்டால் அது பிறந்தநாள் கேக். கொண்டுவந்து வைத்தபோது அவருக்கே தெரியாது அது எந்தக் கேக் என்று.

நாங்கள் விடவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் பாட ஆரம்பித்துவிட்டோம். ஆளுக்கொரு தடவை அவர் கையைக் குலுக்கினோம். அவர் சிரித்தார், நன்றி சொன்னார், கத்தியை எடுத்து வெட்டவும் வெட்டினார். அவ்வளவுதான், தப்பித்துவிட்டார். தட்டுகள் கைமாறின. ஸ்மராண்டா தன் துண்டைத் தின்றுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பையிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"உங்க கை வெடிச்சிருக்கறதை ட்ராம்ல பாத்தேன். மருந்துக்கடைல கேட்டு வாங்கினேன். வேலைக்குக் கிளம்பறப்ப வேண்டாம், ராத்திரி படுக்கப்போறப்ப பூசுங்க, அப்ப வளையத்துக்கு ஒண்ணும் ஆகாது."

அது ஒரு களிம்பு. ஓட்மார் வாங்கிக்கொண்டார். அவர் முகம் முதலில் சிவந்து, பிறகு ரத்தமே இல்லாமல் வெளுத்துப்போனது. நெஞ்சுவலி என்று நினைத்து நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"இது பொறந்தநாள் கேக் இல்ல" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. யாரோ சிரித்தார்கள். அவர் தலை நிமிரவே இல்லை, கையிலிருந்த களிம்பைப் பார்த்தபடியே பேசினார். கொழுப்பு தன்னுடையது என்றார். மாட்டு மடிக்குப் பூசுவது. கையுறையின் விரல் பகுதியைப் பிடித்து எடுத்தது தான்தான் என்றார். அந்தப் பெண் எதையும் தொடவில்லை. இயக்குநரிடம் இப்போதே போய் இதைச் சொல்லப்போகிறேன் என்றார்.

சொன்னார். திங்களன்று குழு அவளுக்கு நாட்களைத் திருப்பிக் கொடுத்தது. வளையத்தை மறுபடி திறந்து, துடைத்து, வேகவைத்து, கோடைக்குள் அவள் அளந்தும் முடித்துவிட்டாள். அதனால் அவளைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனால் அன்று, அந்த அறையில், முள்கரண்டிகளை ஒவ்வொருவராகக் கீழே வைத்தோம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூட்டத்தில் தலையாட்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தோம்.

"எப்பத் தெரிஞ்சது உங்களுக்கு?" என்று கேட்டாள் ஸ்மராண்டா. குரலை உயர்த்தவே இல்லை.

"நீ கேக் கொண்டாந்த அன்னைக்கு."

"எப்ப?"

"மொதத் துண்டு தின்னுக்கிட்டிருந்தப்போ."

"ரெண்டு துண்டு சாப்பிட்டீங்க" என்றாள்.

ஒன்றுமில்லாததைக் காத்தே நரைத்த மனிதர், சொல்ல ஒன்றுமில்லாமல் நின்றார். அவள் மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்து, ரிவெல் கேக்கில் ஒரு பெரிய துண்டு வெட்டினாள். தட்டில் வைத்து, முள்கரண்டியைத் துடைத்துப் பக்கத்தில் வைத்து, அவர் முன்னால் கொண்டுவந்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க, ஹெர் லைஸ்லர்."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார். நாங்கள் யாரும் வெளியே போகவும் இல்லை, அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அவள் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஓட்மார் அந்தத் துண்டை முழுவதும் தின்று முடித்தார்.