என் பெயரில் ஓர் எழுத்து

இதை எழுதாமலே விட்டிருப்பேன். ஓ லெவல் பரீட்சையை மூன்று தடவை எழுதியும் தேறாதவன் கட்டுரை எழுதினால் மாத்தளையில் என் வாத்தியார்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். டோஹாவில் பெயர்ப்பலகைக் கடையொன்றில் என் வேலை, எனக்கு வாசிக்கவே தெரியாத அரபு எழுத்தை நாள் முழுக்க அழகுபடுத்துவது. இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. வாசிக்கத் தெரிந்த எழுத்தை ஊரில் அடித்தபோதுதான் தினமும் பிழை பிடித்தார்கள்.

போன திங்கட்கிழமை காலை எங்கள் டிசைன் சொஃப்ட்வேர் திறக்க மறுத்தது. முந்தின நாள் அதை அப்கிரேட் செய்தவன் என்னோடு வேலை செய்யும் நேபாளி பிஷால். முகப்புப் படம் வரும், ஃபொன்ட்களை ஏற்றுகிறேன் என்று கீழே ஒரு வரி வரும், அதோடு நின்றுவிடும். கணினியை அணைத்துப் போட்டோம். சொஃப்ட்வேரை நீக்கி மறுபடி ஏற்றினோம். அதே இடத்தில் நின்றது. பிற்பகல் ஒரு கிளினிக்குக்குப் பலகை மாட்டியாக வேண்டும். முதலாளி அபூ நாதர் திரையைப் பார்த்தார், பிறகு பிஷாலைப் பார்த்தார்.

"போர்ட் நோ, லீவ் நோ."

பிஷால் வியாழக்கிழமை ஊருக்குப் போகவிருந்தான். ஐந்து மாத மகளை அவன் இன்னும் கையில் தூக்கவில்லை. என் கிண்டலுக்கெல்லாம் திருப்பிக் கொடுப்பவன், மவுசைப் பிடித்து அதே ஐகனை மறுபடி மறுபடி அமுக்கினான்.

திரையில் நின்ற அந்த ஃபொன்ட் வரியை நான் மறுபடி வாசித்தேன். வந்த புதிதில், யாரையும் கேட்காமல், ஊரிலிருந்து கொண்டுவந்த தமிழ், சிங்கள ஃபொன்ட்களையெல்லாம் அந்தக் கணினியில் ஏற்றியவன் நான். எங்கள் ஊர்ப் பக்கம் பலாபத்வலவில் ரோட்டோரம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் கொடுத்தவை. அதில் ஒன்று நானே செய்தது. பிஸ்கட் பெட்டி மட்டையில் மார்க்கரால் வரைந்தேன், அவன் ஸ்கேன் பண்ணிவிட்டுக் கேட்டான்:

"என்ன மச்சான், 'ழ' நாய் சுருண்டு படுத்த மாதிரி இரிக்கு?"

"வால ஆட்டுதான்னு பாரு. ஆட்டினா விட்டுரு."

என் பெயரையே அதற்கு வைத்தோம். பாதி எழுத்து முடிந்தபோது விசா வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பாதி, பல்லேபொலவுக்கு ஓடும் த்ரீவீலர்களின் முதுகில் ஸ்டிக்கராக ஏறிவிட்டது. இங்கே வேலையில்லாத நேரம் அதில் 'மாத்தளை' என்று அடித்துப் பார்ப்பேன், பிறகு அழிப்பேன்.

"பாஸ், மை மிஸ்டேக்," என்றேன்.

"யூ ஜோக்கர். டுடே நோ ஜோக்," என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கார் டயரில் காற்றில்லை என்று சொல்லி, அதற்கு முந்தின வாரம்தான் அவரைக் கீழே ஓட வைத்திருந்தேன். நான் உண்மை சொன்னால் நம்ப அந்தக் கட்டடத்தில் ஆளில்லை. செய்துதான் காட்ட வேண்டும்.

பிஷாலை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ரிஸ்வானின் கடையில் பழகிய வழிதான். ஃபொன்ட்களில் பாதியை வெளியே எடுத்துவிட்டுத் திறப்பது. நின்றால் கோளாறு உள்ளே, திறந்தால் வெளியே எடுத்ததில். அகப்பட்ட பாதியில் மறுபடி பாதி. திரை நிற்கும் ஒவ்வொரு முறையும் பிஷாலின் மூச்சு என் கழுத்தில் பட்டது. பள்ளிவாசலில் பகல் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது நான்கு மிச்சம். பிறகு இரண்டு. பிறகு ஒன்று. என் பெயர். பழைய சொஃப்ட்வேர் என் அரைகுறையைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறது. புதியது விடவில்லை.

"திஸ் இஸ் யுவர் நேம்," என்றார் அபூ நாதர். அப்போதுதான் நம்பினார். டிலீட் என்றார்.

ஊரிலிருந்து அதைக் கொண்டுவந்த பென்டிரைவைப் பாட்டு ஏற்றுவதற்காக எப்போதோ அழித்திருந்தேன். என்னிடம் வேறு பிரதி இல்லை. பிஷாலின் முகத்தைப் பார்த்துவிட்டு என் பெயரை அழித்தேன். சொஃப்ட்வேர் உடனே திறந்தது. பலகை நேரத்துக்குப் போனது. பிஷாலுக்கு லீவு கிடைத்தது, தண்டனையாக என் வெள்ளிக்கிழமை லீவு போனது.

மாலையில் ரிஸ்வானுக்கு மெசேஜ் அனுப்பினேன்: "என் பேர இங்க அழிச்சிட்டேன்டா, மெஷின் நின்னதே அதாலதான். நீயும் அழிச்சிரு, உனக்கும் கரைச்சல் குடுக்கும்."

பதில் வந்தது: "இங்கயும் காலைல அது நின்டு நின்டுதான் தொறக்குது மச்சான், ஒன் பண்ணிட்டுப் போய் ஒரு பிளேன்டி குடிச்சிட்டு வந்தா தொறந்திரிக்கும், அழிக்க மாட்டேன் போடா."