கைராசி விரலும் பாவாடை நாடாவும்

பதுளையில் எங்கள் துணிக்கடையில் அன்றன்றைய போணியை, அதாவது முதல் வியாபாரத்துத் துணியை, என் வலது கைதான் வெட்ட வேண்டும். இது என் கணவரின் சட்டம். கல்யாணமாகி வந்த புதிதில் நான் விளையாட்டாக ஒரு ரவிக்கைத் துணியை வெட்டிக் கொடுத்தேனாம், அன்றைக்குக் கடை நிரம்பி வழிந்ததாம். அன்றிலிருந்து நான் கைராசிக்காரி. காலை ஏழரைக்கே கடையில் வந்து நிற்பது அந்தப் பட்டத்தோடு சேர்ந்து வந்த தண்டனை.

முப்பது வருடம் கனத்த கத்தரிக்கோலைப் பிடித்த பிறகு, என் மோதிர விரல் வேலைநிறுத்தம் தொடங்கியது. காலையில் எழுந்து கையை விரித்தால் மற்ற விரல்கள் நிமிரும். இது மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி எழும்ப மனமில்லாமல் மடங்கியே கிடக்கும். இடது கையால் நிமிர்த்தினால் டக்கென்று ஒரு சத்தம், கூடவே உயிர் போகிற வலி. மத்தியானத்துக்குள் விரல் நல்ல பிள்ளையாகிவிடும். அதனால் நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

கணவர் சுளுக்கு என்றார். பக்கத்துக் கடைக்காரர் வாயு என்றார். ஆளாளுக்கு எண்ணெய் போட்டு இழுத்தார்கள். இழுக்க இழுக்க வீங்கியது. கடைசியில் டொக்டரிடம் போனோம்.

டொக்டர் அம்மா என் உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி, மடக்கி நீட்டச் சொன்னார். பட்டாணி அளவு ஒரு முடிச்சு அவர் விரலுக்கடியில் போய்வந்தது. எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. விரலை மடக்கும் நாண் ஓர் உறைக்குள் ஓடுகிறதாம். ஓயாமல் இறுக்கிப் பிடித்ததில் உறை வீங்கி, அதன் வாய் சுருங்கி, நாணும் தடித்துச் சிக்குகிறதாம். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பாவாடை நாடாவில் முடிச்சு விழுந்தால் இடுப்புப் பட்டிக்குள் ஓடுமா?

"சீனி வருத்தம் இருக்கா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன். இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் அது கொஞ்சம் இல்லை. சீனி, அதாவது நீரிழிவு, உள்ளவர்களுக்கு இந்தப் பூட்டு விரல் வரும் வாய்ப்பு அதிகமாம். நான் ஒளித்துத் தின்ற தொதல் இனிப்பெல்லாம் உள்ளங்கையில் வந்து சாட்சி சொன்னது.

முதலில் விரல் மடங்காதபடி மட்டை வைத்துக் கட்டி, கத்தரிக்கோலைத் தொடாதே என்றார்கள். யார் கேட்டார்கள்? போணி இருக்கிறதே. அடுத்தது, உறைக்குள் ஊசி. அப்போது என் கணவர் முன்னால் வந்து மிகப் பணிவாக, "தன ரேகையில படாம குத்த முடியுங்களா?" என்று கேட்டார். டொக்டர் அம்மா வெகுநேரம் என் கையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்கத்தான்.

ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறி, விரல் இறங்கி வந்தது. மூன்று மாதம் சுகம். பிறகு பழைய குருடி கதவைத் திறடி. இனி சின்னதாக ஒரு வெட்டுத்தான், அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார் டொக்டர்.

"கத்தி பட்டா ராசி போயிரும்" என்றார் கணவர். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. அதன்பின் ஏறக்குறைய ஒரு வருடம், விடியற்காலையில் சுடுதண்ணீரில் கையை ஊறவைத்து, விரலைக் கெஞ்சிக் கொஞ்சி நிமிர்த்திக்கொண்டு கடைக்குப் போனேன். ராசியைப் பற்றி எல்லோரும் விசாரித்தார்கள். வலியைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை. எனக்கு அது வலியைவிட வலித்தது.

ஒரு நாள் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, மகளின் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்தார். போணி. பாதி வெட்டியபோது விரல் கத்தரிக்கோலின் வளையத்துக்குள்ளேயே பூட்டிக்கொண்டது. கத்தரிக்கோல் கையை விட்டு வரமாட்டேன் என்கிறது. "அவ கொஞ்சம் யோசிச்சு வெட்டுவா" என்று கணவர் சமாளித்தார்.

அந்த அம்மா என் பக்கம் வந்து, கத்தரிக்கோலைப் பதமாகக் கழற்றினார். "வெரல் பூட்டிக்கிச்சாக்கா? கொழுந்து வெட்டுற கத்தரியப் புடிச்சுப் புடிச்சு எனக்கும் இப்புடித்தான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில வெட்டி விட்டாங்க. இப்பப் பாருங்க." கையைப் பொத்திப் பொத்தி விரித்தார். உள்ளங்கையில் ஒரு சிறு கோடு, அவ்வளவுதான்.

"கத்தி பட்டா ராசி போயிராதாம்மா?" என்றார் கணவர்.

"எனக்கு எங்கங்க ராசி இருந்துச்சு, போறதுக்கு? வேல செய்ய கை வேணும்ல."

அடுத்த வாரமே நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். துணைக்குத் தங்கையை அழைத்துப் போனேன். கணவரிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொன்னேன். வலி தெரியாமல் கை விறைக்கும் ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே, இறுகிய உறையின் வாயைத் திறந்துவிட்டார்கள். "இப்போ மடக்கி நீட்டுங்க" என்றார் டொக்டர். சத்தமில்லாமல் போய் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தையல் பிரித்து, விரலுக்குப் பயிற்சி செய்து, ஆறு வாரம் வீட்டில் இருந்தேன். போணியைக் கணவரே வெட்டினார், சூடம் கொளுத்தி, கோணல்மாணலாக. "கடை எப்படிங்க?" என்று தினமும் கேட்பேன். "என்ன கொற? எப்பவும் போலத்தான்" என்பார், தாம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். எந்த ராசியைக் காப்பாற்ற நான் அத்தனை காலைகள் சுடுதண்ணீரில் கை வைத்து அழுதேன்?

திரும்பிப் போன அன்று முதல் ஆள் வந்து நின்றதும், கணவர் கத்தரிக்கோலை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். "வெட்டு. ஒன் ராசி திரும்பி வந்துருச்சு."

நான் வாங்கவில்லை. "இனிமே நீங்களே வெட்டுங்க. இந்தக் கை எனக்கு வேணும்."

அவர் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் திருப்பி, அந்தச் சிறு கோட்டைப் பார்த்தார்.

"ரொம்ப வலிச்சுச்சா?"

"ஆமாங்க" என்றேன். "ஒரு வருஷமா."