ஈரச் சாக்கு போர்த்திய குளிர்ப்பெட்டி

பத்தாம் வகுப்போடு நின்றவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் என் மகள், ஐஸ் இல்லாமல் மீனைக் குளிராக வைக்கும் பெட்டியொன்றைப் மீன்பிடி ஊரான பேசாலையிலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மின்சாரம் பாய்ந்தால் அதன் தகட்டில் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். தகட்டின் கலவை அவளே புதிதாகச் செய்தது. இருந்தது அந்த ஒன்றுதான்.

மீன்பெட்டி என்றால் ஈரச் சாக்கால் மூடுவது எங்கள் வழக்கம். என் கணவரும் மூடிவிட்டார்.

“ஐயோ அப்பா, சூடு வெளியில போகவேணும்!” என்று மகள் சாக்கை இழுத்தாள். தகடு கொதித்தது.

ஆறவிட்டு, திரும்பவும் போட்டுப் பார்த்தாள். பெட்டி குளிர்ந்தது.

“பழைய வகைத் தகடெண்டா செத்திருக்கும். நான் செய்தது தாங்கிட்டுது, அம்மா!”

“அப்ப நானும் விஞ்ஞானிதான்,” என்றார் அவர்.

“ஓம், சாக்கு விஞ்ஞானி!”

அந்தக் கலவை எனக்கு விளங்காது. ஆனாலும், யாரோடும் அதிகம் பேசாத நான், என் மகள் செய்த தகடு தாங்கிவிட்டதென்று அன்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

மறுநாள் மகள் பெட்டியோடு பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏறினாள்.