பத்தாவது வரிசையில் தை

ஸ்கூட்டரிலிருந்து விழுந்த என் மகளுக்கு வலக்கையில் மாவுக்கட்டு, இடக்கை விரல்களிலும் கட்டு. சோறு ஊட்டவும் தலை வாரிவிடவும் தஞ்சாவூரில் அவள் வாடகைக்கு இருந்த மாடி அறைக்குப் போனேன். என் வயலில் சம்பா பழுத்து நின்றது. சொந்தமாக நிலம் வந்த நாளிலிருந்து என் அறுப்பை நான் வரப்பில் நின்று பார்க்காமல் விட்டதில்லை.

போன இடத்தில் கம்ப்யூட்டர் வேலையும் என் தலையில் விழுந்தது. அவள் காற்றைப் பற்றிப் படிக்கிறாள். நம் டெல்டாவின் காற்றைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தப் புகை எதோடு சேர்ந்து என்னவாகும் என்று ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கணக்குப் போடும். வெளிநாட்டில் எழுதியது. அதில் நம்மூர் வைக்கோல் புகையைச் சேர்ப்பதுதான் அவள் படிப்பே. கணக்கை ஓட்டும் பெரிய மிஷின் கல்லூரியில் இருந்தது; அறையிலிருந்த லேப்டாப்பிலிருந்தே அதை முடுக்கலாம். வாய்க்கால் தண்ணீர் போல அதற்கும் முறை உண்டு. மாதக் கடைசியோடு இவள் முறை முடிகிறது. கூடப் படிப்பவர்கள் பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"கீழ் வரிசையில மூணாவதும்மா. அடுத்து மேல கடைசி," என்று கீபோர்டில் தட்ட வேண்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள்.

நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எண் தெரியும், விரலில் நடுக்கம் கிடையாது. புகைக்குப் பயந்து ஜன்னலைத் திறக்க விடமாட்டாள். வெயில் ஏறுவதும் இறங்குவதும்கூடத் தெரியாது.

ஒருநாள் மாத்திரை மயக்கத்தில் படுத்தபடியே சொன்னாள். "பன்னெண்டு மாசத்துக்குப் பன்னெண்டு வரிசை இருக்கா? தை மாசத்துல அந்த வைக்கோல் புகை நம்பரைப் போடு. மத்ததெல்லாம் சைபர்."

போட்டேன். அவள் சொன்ன பொத்தானைத் தட்டினேன். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. கணக்கு முடிந்ததும் அறுப்புக்கு நான் ஊருக்குப் போகலாம் என்றாள். பையைக் கட்டி வாசலில் வைத்தேன்.

கணக்கு முடிந்த அன்று திரையில் வந்த படத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஐப்பசி அடைமழையில யாரும்மா வைக்கோல் கொளுத்துறது?"

"நான் எங்கடி கொளுத்தினேன்?"

"தையை எந்த வரிசையில போட்ட?"

"பத்தாவதுல. சித்திரையிலேர்ந்து எண்ணிப் பாரு."

அவள் எண்ணவில்லை. "இது ஜனவரியிலேர்ந்தும்மா. பத்துன்னா அக்டோபர், ஐப்பசி," என்று சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிவிட்டது. துடைத்துக்கொள்ளக் கை இல்லை. முந்தானையால் நான் துடைத்தேன்.

"மறுபடி ஓட்டினா முறை முடியறதுக்குள்ள வந்துடுமா?"

"இப்பவே ஆரம்பிச்சா வரும். நடுவுல நிக்கும், நின்ன இடத்துலேர்ந்து கிளப்பணும். நீ போயிட்டா யாரு கிளப்புவா?"

பையைப் பிரித்துப் புடவைகளைக் கொடியில் போட்டேன். முதல் வரிசையில் எண்ணைப் போட்டு, பத்தாவதைச் சைபராக்கி, பொத்தானைத் தட்டினேன்.

அது ஓடிக்கொண்டிருந்தபோது பூதலூர்ப் பக்கத்திலிருந்து என் தம்பி போன் செய்தான். பின்னால் அறுப்பு மிஷின் இரைந்தது.

"அக்கா, நம்ம வயல்லதான் இறங்கியிருக்கு. இன்னிக்கு விட்டா மிஷின் கிடைக்காது. நீ வர்றியா இல்லையா?"

"அறுத்துடு."

"வைக்கோலை என்ன பண்றது? கொளுத்திடவா?"

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் வர்ற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது," என்றேன். போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. மிஷின் வயலின் கோடிவரை போய்த் திரும்புவது கேட்டது. திரையில் எழுத்துகள் நின்றுவிட்டன.

"அம்மா, கிளப்பு," என்றாள்.