அவர் டிரம் அடித்த ஞாயிற்றுக்கிழமை

கல்யாணமானவள் புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. அது தானாக வந்து நாக்கில் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் கிறிஸ்தவர்கள். அதனால் கல்யாணத்தன்று கோயிலில் பாதிரியார் சொல்லச் சொல்ல, இன்னாரை என் புருஷனாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரே ஒரு தடவை அந்தப் பேரைச் சொன்னேன். பக்கத்தில் நின்றவருக்கே கேட்டிருக்காது. அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் ‘இங்கேருங்க’தான். தாராவி மார்க்கெட்டில் நான் ‘இங்கேருங்க’ என்று குரல் கொடுத்தால் ஏழெட்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் பார்க்காமல் போய்க்கொண்டே இருப்பார்.

அது அறுபதுகளின் நடுப்பகுதி. தாராவியில் ஒரே அறையில் நாங்கள் இருவர், அவருடைய அண்ணன், அண்ணன் மனைவி, அவர்களுடைய பிள்ளைகள். நடுவில் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, அதற்கு இந்தப் பக்கம் எங்கள் குடித்தனம் என்று பேர். புருஷனோடு தனியாக ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் தண்ணீர்க் குழாய்க்கு வரச் சொல்ல வேண்டும். அங்கேயும் முன்னாலும் பின்னாலும் காதுகள். அவருக்குக் குர்லாவில் ஒரு சர்க்கார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர் வேலை, ஆனால் டெம்பரரி. பெர்மனன்ட் ஆகட்டும், செம்பூர் பக்கம் தனியாக ரூம் பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சமாளித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷம் பெர்மனன்ட் ஆனார். ஆர்டர் கைக்கு வந்த அன்றே, செம்பூர் ரூமின் ஜன்னலுக்கு என்ன நிறத்தில் திரை போடுவது என்று நான் மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் மார்வே துறைக்கு அக்கரையில் இருக்கிற கடலோரக் கிராமத்துக்காரர். மராட்டி பேசுகிற கிறிஸ்தவக் குடும்பம். தங்கச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், சம்சாரத்தைக் கூட்டிக்கொண்டு சனிக்கிழமையே வந்துவிடு, பெர்மனன்ட் ஆனதையும் சேர்த்துக் கொண்டாடிவிடலாம் என்று அவர் கூப்பிட்டிருந்தார். இவர் வந்து என்னிடம், “ஏளா, ரெண்டு நாளு கடக்கரைக்குப் போயிட்டு வருவமா?” என்றபோது, வேறு யாரையோ கேட்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

மாதுங்காவில் காப்பிப்பொடியும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டோம். மாஹிமில் ரயில் ஏறி, மலாடில் இறங்கி, பஸ் பிடித்து, கடைசியில் தோணி. வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். இந்த மனிதருக்கு இவ்வளவு பேச வரும் என்று மூன்று வருஷமாக எனக்குத் தெரியாது. தோணியில் காற்றடித்து என் முந்தானை அவர் முகத்தில் போய் விழுந்தது. அதை விலக்கக்கூட விலக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் பார்க்க அவர் அப்படி இருந்தது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் காற்று அடிக்கட்டும் என்றும் இருந்தது.

கல்யாண வீட்டில் அந்த ஃபிட்டரின் அம்மாதான் எல்லாம். கெண்டைக்கால் தெரிய இழுத்துச் செருகிய சிவப்புக் கட்டம் போட்ட சேலை, கொண்டை நிறையப் பூ, ஊருக்கே கேட்கிற குரல். என்னைக் கண்டதும் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளி, இவ்வளவு ஒல்லியாக இருந்தால் எப்படி என்று ஹிந்தியில் சண்டை போட்டார். அன்று சாயங்காலம் பேண்டு வாசித்துக்கொண்டே ஊர்க் கிணற்றுக்குப் போய்க் கல்யாணத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். டிரம்பெட், கிளாரினெட், சின்ன டிரம், பெரிய டிரம். பேண்டுக்காரர்களுக்குச் சிவப்புக் கோட்டு. பாட்டிமார் முதற்கொண்டு தெருவில் ஆடினார்கள். எங்கள் சபையில் பாட்டுக்குக் கொஞ்சம் அழுத்திக் கை தட்டினாலே முன்வரிசையிலிருந்து முறைப்பார்கள். இங்கே என்னடா என்றால் கிணற்றுக்குப் போகிறதே ஒரு திருவிழா. நான் வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனேன்.

திரும்பி வந்ததும் அந்த அம்மா எனக்கு ஒரு சின்னக் கோப்பையில் சூடாக எதையோ ஊற்றிக் கொடுத்தார். பட்டை, கிராம்பு வாசனை. சுக்குக் காப்பி மாதிரி ஏதோ என்று நினைத்து இரண்டு கோப்பை குடித்தேன். குடித்து முடித்த பிறகுதான் அது வீட்டில் காய்ச்சிய சாராயத்தில் மசாலா போட்டுச் சுட வைத்தது, கல்யாணத்தில் எல்லோருக்கும் கொடுப்பது என்று சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் சபையில் குடிகாரனுக்கு நரகம் நிச்சயம். குடிகாரிக்கு அதற்கும் கீழே ஏதாவது இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆனால் நரகம் ஒன்றும் வரவில்லை, கால் மட்டும் லேசாக இருந்தது. பாம்பேயில் அப்போது மதுவிலக்கு இருந்தது. பர்மிட் இல்லாமல் குடித்தால் கேஸ். சர்க்கார் வேலைக்காரன் கேஸில் மாட்டினால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான். கல்யாண வீட்டில் அதையெல்லாம் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று அந்த அம்மா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாணம் முடிந்து, மத்தியானம் தென்னந்தோப்பில் பந்தல் போட்டு விருந்து. பந்து பந்தாக உப்பிய பொரித்த ரொட்டி, காரமான பன்றிக்கறி, பெரிய பெரிய வவ்வால் மீன். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவில் பேண்டு. அவர் எதிரே ஃபிட்டரோடு உட்கார்ந்திருந்தார், கையில் கண்ணாடித் தம்ளர். என்னைப் பார்த்ததும் தம்ளரைக் கொஞ்சம் தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஊரறியப் புருஷன் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. செம்பூர் ரூமில் இருக்கப் போகிற வாழ்க்கை இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தோப்பின் பக்கத்திலிருந்து விசில் சத்தம் வந்தது.

போலீஸ். பாம்பேயிலிருந்து ஆட்கள் இங்கே வந்து குடிக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓட முடிந்தவர்கள் தோப்புக்குள் ஓடினார்கள். பெரிய டிரம் அடிக்கிறவர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேலி தாண்டிப் போய்விட்டார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவர் வாயையும் ஊதச் சொல்லவில்லை. அவர் செய்தது அதைவிடச் சுருக்கம். வீட்டு மனுஷர்கள் ஒரு வரிசை, கூலிக்கு வாசிக்க வந்த பேண்டுக்காரர்கள் ஒரு வரிசை, வெளியூர் ஆட்கள் ஒரு வரிசை என்று பிரித்தார். முதல் இரண்டு வரிசையையும் விட்டுவிடுவார், மூன்றாவது வரிசை ஸ்டேஷனுக்கு. நான் திரும்பி என் வீட்டுக்காரரைத் தேடினேன். பேண்டு வரிசையில் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கழுத்தில் பெரிய டிரம்மை மாட்டிக்கொண்டு நின்றார். ஃபிட்டர்தான் அவசரத்தில் மாட்டிவிட்டிருக்கிறார். கோட்டின் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது.

பெண்கள் பக்கம் வந்த இன்ஸ்பெக்டர் என் முன்னால் நின்றார். அந்தக் கூட்டத்தில் என் சேலைக்கட்டு மட்டும் வேறு. நீ யார், யாரோடு வந்தாய் என்று கேட்டார். வீட்டுக்காரரோடு வந்தேன் என்றேன். கழுத்தைப் பார்த்தார். அவர்கள் ஊரில் கல்யாணமானவள் போடுகிற கறுமணி இல்லை, நெற்றியில் பொட்டும் இல்லை. வீட்டுக்காரர் பேர் என்ன என்றார்.

நான் பேசாமல் நின்றேன். சொல்லக் கூடாது என்று நினைத்து நிற்கவில்லை, சொல்ல வரவில்லை. மறுபடியும் கேட்டார். என் மௌனத்தை அவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறார் என்பது பக்கத்திலிருந்த கான்ஸ்டபிளின் சிரிப்பில் தெரிந்தது. ஃபிட்டரின் அம்மா நடுவில் புகுந்து, எங்கள் பெண்களும்தான் புருஷன் பேரைச் சட்டென்று சொல்லமாட்டார்கள், உன் வீட்டில் சொல்கிறாளா என்று கேட்டார். சரி, பேர் வேண்டாம், ஆளைக் காட்டு என்றார் இன்ஸ்பெக்டர். எனக்கு உயிர் வந்தது. கையை நீட்டி டிரம்மைக் காட்டினேன். அவர் எதற்காக அந்த வரிசையில் நிற்கிறார் என்பது அந்த நிமிஷம் என் மண்டையில் ஏறவே இல்லை. என் புருஷன் அங்கே இருக்கிறார், நான் கெட்டவள் இல்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் அவரிடம் போய், இவள் உன் பெண்டாட்டியா என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், பார்க்காமல் சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

“நஹீ சாப். பேண்ட்வாலா ஹூம். இஸ்கோ நஹீ ஜான்தா.”

பெண்டாட்டி இல்லை, நான் பேண்டுக்காரன், இவளை எனக்குத் தெரியாது. அவ்வளவு நன்றாக அவர் ஹிந்தி பேசி நான் கேட்டதில்லை. ஒரு திக்கல் இல்லை, எச்சில் விழுங்கல் இல்லை. நேற்றுத் தோணியில் என் முந்தானைக்குள் உட்கார்ந்திருந்த முகமும் இந்த முகமும் ஒன்றுதானா என்று உண்மையிலேயே சந்தேகம் வந்தது. வேறு யாரையோ காட்டிவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

பேண்டுக்காரன் என்றால் வாசி என்றார் இன்ஸ்பெக்டர். இவர் டிரம் கட்டையை எடுத்து அடித்தார். டிரம் அடிக்க அவருக்கு என்ன தெரியும், பட்டறையில் தகர ஷீட்டை அடிப்பது மாதிரி ஒரே சீராக டம், டம், டம் என்று அடித்தார். மற்றவர்கள் சமாளித்து அதன் மேல் ஒரு பாட்டை ஏற்றினார்கள். அத்தனை பேர் முன்னால் என் புருஷன் எனக்கு ஒன்றும் ஆகாதவர் என்று டிரம் அடித்து நிரூபித்துக்கொண்டிருந்தார். நான் நின்று கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் மறுபடி என்னிடம் வந்தார். அவன் இல்லை என்கிறானே, இப்போது பேரைச் சொல் என்றார். இந்தத் தடவை பேர் வந்தது. மூன்று வருஷமாக வராத பேர் தொண்டை வரைக்கும் வந்து முட்டியது. சொன்னால் போதும், கோட்டுக்குள் சட்டைப்பையில் அவருடைய ஒர்க்‌ஷாப் பாஸ் இருக்கிறது, அதில் அதே பேர். வேலை போகும், செம்பூர் போகும். சொல்லாவிட்டால் நான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், எந்தப் பேரோடு என்பது அந்தக் கான்ஸ்டபிள் சிரிப்பிலேயே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றியது அந்த அம்மாதான். என் தோளைப் பிடித்து இழுத்து, இவள் எங்கள் கல்யாணப் பெண்ணுக்குத் தோழி, வாழ்க்கையில் முதல் தடவையாக இரண்டு கோப்பை உள்ளே போயிருக்கிறது, கண்ணில் படுகிறவனையெல்லாம் புருஷன் என்று காட்டுகிறாள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டரும் சிரித்தார். எனக்கு எதிரே டிரம் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

வெளியூர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போலீஸ் போன பிறகு, அவர் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து, கிளம்புவோம் என்றார். அந்த அம்மா என் கையில் ஒரு பொட்டலம் ரொட்டியைக் கட்டிக் கொடுத்து, அவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

துறைக்குப் போகிற மணல் பாதையில் அவர் வழக்கம்போல முன்னால் நடந்தார். நடந்துகொண்டே நியாயம் சொன்னார். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும், ரெண்டு பேரும் உள்ளே போயிருப்போம், நான் வெளியே இருந்தால்தானே உன்னை வந்து மீட்க முடியும், எல்லாம் உனக்காகத்தான். அத்தனையும் சரிதான். பொய் சொன்னதில்கூட எனக்கு வருத்தம் இல்லை. கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருக்கலாம். கேட்ட உடனே சொன்னாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நடந்து நடந்து அவர் வெகுதூரம் முன்னால் போய்விட்டார். துறையில் நல்ல கூட்டம், தோணிக்குக் காத்து நின்றவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.

நான் நின்ற இடத்திலிருந்து அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். கோயிலில் சொன்ன மாதிரி முழுப் பேர். ஆனால் அன்றைக்குப் போல மெல்ல இல்லை.

அவர் திரும்பினார். துறையே திரும்பியது. அடி வாங்கியவர் மாதிரி முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தார்.

“ஏளா, என்ன காரியம் செய்த? நாலு பேரு நிக்காவ. புருசன் பேரச் சொல்லியா கூப்பிடுவாவ?”

“புருசன் இல்லைன்னு நீங்கதான சொன்னிய. வேற எப்படிக் கூப்பிட?” என்றேன்.

தோணிக்காரர் ஏறச் சொன்னார். அவர் முதலில் ஏறி எனக்குக் கையை நீட்டினார். நான் பக்கத்திலிருந்த கம்பைப் பிடித்து ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் தாராவியில், வேலைக்குக் கிளம்பிப் போனவர் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டார். நான் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். அடுப்படியிலிருந்த அவருடைய அண்ணன் மனைவி கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். குழாய் வரிசை அப்படியே நின்றுவிட்டது. இவளுக்குப் பாம்பே தண்ணி தலைக்கேறிவிட்டது என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு, நாங்கள் செம்பூருக்குக் குடிபோன பிறகும் ஓயவில்லை. ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். எவ்வளவு கூட்டத்திலும் உடனே திரும்பிப் பார்த்துவிடுவார், அன்றைக்கு இல்லை என்று சொன்ன அதே வேகத்தில்.