இடது காதில் சொன்னது

கந்தவேல் மச்சானுக்கு வலது காது கேட்காது. இருபத்தொன்பது வருடம் போர்வெல் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்றவருக்கு வேறு எப்படி இருக்கும்? இடது காதுக்குக் கிட்டப் போய்ச் சத்தமாகச் சொன்னால்தான் விளங்கும். அவர் எங்கே போனாலும் மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்லக் கூடவே ஒரு ஆள் வேண்டும். அவர் என் அக்கா பெரியநாயகியின் வீட்டுக்காரர் என்பதால் அந்த வேலை பெரும்பாலும் என் தலையில்தான் விழும். எனக்குத் திருச்செங்கோட்டில் லாரி சீட்டுக்கு ரெக்ஸின் தைக்கும் கடை. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்புவதென்றால் எனக்கு எப்போதும் முணுமுணுப்புதான். அன்றைக்கும் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

இதை எழுத அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன். அதற்கு மேல் என்னால் ஆகாது.

மச்சான் ஜேடர்பாளையம் பக்கத்துக்காரர். பதினேழு வயதில் ரிக் வண்டியில் ராடு மாற்றும் ஆளாக ஏறியவர், பிறகு டிரில்லர் ஆனார். ஆந்திரா, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருடத்தில் ஒன்பது மாதம் வண்டியோடு போய்விடுவார். மழைக்காலத்தில் மட்டும் வீடு. அவருக்கு ஏழு மொழியில் தண்ணீருக்குச் சொல் தெரியும். ஏழு மொழியிலும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். கல்யாணத்தன்று போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னபோது, “எதுக்குங்க?” என்று கேட்ட மனிதர் அவர்.

ஒரே பையன், கௌதமன். இன்ஜினியரிங் மூன்றாம் வருடம் படித்தான். போன வருடம் நான்கு சிநேகிதர்களோடு, கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் அருவிகள் இருக்கும் தேசியப் பூங்காவுக்கு ஒருநாள் சுற்றுலா போனான். அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து அவனை மட்டும் அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. “மது போதையில் அருவியில் இறங்கிய மாணவர் பலி” என்று பேப்பரில் நான்கு வரி வந்தது. உடல் மூன்று நாள் தண்ணீரில் கிடந்ததால் குடித்திருந்தானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். கூடப் போன பையன்கள் ஆளுக்கொரு மாதிரி சொன்னார்கள். கேட்கக் கேட்க அவர்கள் தலை குனிந்துகொண்டே போனது. பிறகு அவர்களுடைய அப்பாக்கள் போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

அக்காவுக்கு அந்த நான்கு வரிதான் தொண்டையில் நின்றது. எங்கள் அப்பா குடித்தே செத்தவர். அந்தக் கண்றாவியை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் அவள். பையன் காலேஜில் சேர்ந்த அன்று அவன் கையைத் தன் தலைமேல் வைத்து, குடிக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள். அவன் குடித்திருந்தால் தன் தலைமேல் அடித்த சத்தியத்தை மீறித்தான் செத்திருக்கிறான் என்று அர்த்தம். மகன் போனதோடு இதுவும் சேர்ந்துகொண்டது. விசேஷ வீடுகளுக்குப் போவதை அக்கா விட்டுவிட்டாள். போனால் யாராவது, “பையன் குடிப்பானாமே?” என்று ஆரம்பிப்பார்கள்.

பதினொரு மாதம் கழித்து ஒருநாள் மச்சானிடம் சொன்னாள்.

“நீங்க அங்க போயிக் கேட்டுட்டு வாங்க மாமா. அந்தத் தண்ணிய நான் பாக்க மாட்டேன். குடிச்சிருந்தானா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரியோணும்.”

“செரி புள்ள,” என்றார் மச்சான்.

வழிகாட்டியோடு கூட்டமாகப் போனால்தான் அந்தக் காட்டுக்குள் விடுவார்கள். அதனால் நாங்களும் சுற்றுலாதான் போனோம். விடியற்காலை நாலரைக்குத் திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேன் ஏறினோம். பதினேழு பேர். டிராவல்ஸ் ஆள் பெயர் அறிவு. வேன் பவானி தாண்டுவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டார். ஒவ்வொருவரும் எழுந்து, பெயர் சொல்லி, எதற்காகச் சுற்றுலா வந்தோம் என்று சொல்ல வேண்டுமாம். புதுக் கல்யாண ஜோடி சொன்னது, ரிட்டயரான வாத்தியார் சொன்னார். எங்கள் முறை வந்தபோது, “அருவி பாக்கறதுக்குங்க,” என்று நானே சொல்லி முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். மச்சானும் தட்டினார். எதற்கென்று அவருக்குக் கேட்கவில்லை.

மலை ஏறும்போது நான்தான் ஜன்னல் வழியாக ஒவ்வொன்றாகப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். இந்த வளைவைத்தானே பையனும் பார்த்திருப்பான், இந்த டீக்கடையில்தானே இறங்கியிருப்பான் என்று. மச்சான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து நான்கையும் சாப்பிட்டார். சட்னி நன்றாக இருந்ததா என்று அறிவு சத்தமாகக் கேட்டார். நன்றாக இருந்தது என்றார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. இந்த ஆளுக்கு உள்ளே ஒன்றுமே இல்லையா என்று நினைத்தேன். நினைத்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

பூங்கா வாசலில் பிளாஸ்டிக் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வனத்துறை பஸ்ஸில் ஏற்றிக் கொஞ்ச தூரம், பிறகு நடை. காட்டு வழிகாட்டி மாதேஷ், மலைக்காரர், நாற்பது வயது இருக்கும். மெதுவாகப் பேசுகிறவர். முதல் அருவி, இரண்டாவது அருவி என்று காட்டிக்கொண்டே போனார். எல்லாரும் நின்று போட்டோ எடுத்தார்கள். வாத்தியார் என்னிடம் செல்போனைக் கொடுத்துத் தன்னை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

மூன்றாவது அருவிதான் அது. பெரிதாக ஒன்றுமில்லை, இரண்டு ஆள் உயரம் இருக்கும். கீழே ஒரு பாறைக்குழி. தெளிந்த தண்ணீர் இடுப்பளவு நின்றது. சுற்றிப் புதிதாக இரும்புக் கம்பி போட்டிருந்தார்கள். மாதேஷ் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இதுல யாரும் இறங்கக் கூடாதுங்க. போன வருஷம் ஒரு பையன் குடிச்சிட்டு இறங்கிச் செத்துப் போயிட்டான். உங்க ஊர்ப் பக்கந்தான்.”

புதுப்பெண் “ஐயோ” என்றாள். மச்சான் என் முகத்தைப் பார்த்தார்.

“என்ன மாப்ள சொல்றாரு?”

“குளிக்கக் கூடாதுங்கறாருங்க மச்சான்.”

அவர் தலையாட்டிவிட்டு, கூட்டம் நகரும் வரை நின்றார். பிறகு நேராக மாதேஷிடம் போனார்.

“ஏனுங்க, போன வருசம் ஒரு பையன் போனானே. அப்ப நீங்க இருந்தீங்களா?”

“நான்தாங்க இருந்தேன்,” என்று மாதேஷ் தலையாட்டினார்.

“குடிச்சிருந்தானுங்களா?”

மாதேஷ் பேச ஆரம்பித்தார். அருவிச் சத்தத்தில் எனக்கே பாதிதான் கேட்டது. மச்சான் இடது காதை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். மாதேஷ் சொல்லச் சொல்ல நான் அந்தக் காதில் கத்தினேன்.

“மேல காட்டுல மழையாமுங்க. இங்க வெயிலாம். தண்ணி நெறம் மாறுச்சாம். செகப்பாக் கலங்கி வந்துச்சாம். இவரு விசில் அடிச்சாராம். தண்ணியில நின்னவிய அல்லாரும் கரைக்கு ஓடியாந்துட்டாங்களாம். கூட வந்த பசங்களும் ஓடியாந்துட்டாங்களாம்.”

“கௌதமன்?”

மாதேஷ் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். அதற்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்த வாய் நிற்கவில்லை.

“அவன் மட்டும் ஓடியாரலையாம். தண்ணி வர்ற பக்கமாத் திரும்பிக் கையத் தூக்கிட்டு, மூஞ்சிய மேல வெச்சு, வாயத் தொறந்துட்டு நின்னானாம். சிரிச்சானாம். குடிக்காதவன் ஆராச்சும் அப்படி நிப்பானாங்கறாரு.”

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பாதியில் உறைத்திருந்தால் மீதியைச் சொல்லாமல் விட்டிருப்பேன்.

ரிக் வண்டி தெரியாதவர்களுக்கு இது புரியாது. போர் ஓட்டும்போது முதலில் வெறும் கல்தூள்தான் பறக்கும். முந்நூறு அடி, ஐந்நூறு அடி என்று வீட்டுக்காரர்கள் பணம் போகிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு ஒரு நேரம் குழாய் வாயிலிருந்து ‘டமார்’ என்று கிளம்பும். சேறும் கல்லும் கலந்த கலங்கல் தண்ணீர், தென்னை உயரத்துக்கு. அதைப் பார்த்து யாரும் ஓட மாட்டார்கள். அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகளைப் பிடித்து அதற்குள் தள்ளிவிடுவார்கள். முதல் தண்ணீர் பிள்ளைகள் தலையில் விழுந்தால் கிணறு வற்றாது என்று ஒரு நம்பிக்கை. கௌதமனுக்கு எட்டு வயதிருக்கும்போது நாமகிரிப்பேட்டையில் ஒரு மஞ்சள் காட்டில் போர் ஓடியது. மச்சான் ஊரில் இருந்த சமயம். பையனையும் என்னையும் கூட்டிப் போயிருந்தார். தண்ணீர் அடித்த சத்தத்துக்குப் பையன் பயந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டான். மச்சான் அவனைத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கலங்கலுக்குள் நிறுத்தினார். ‘ஓடாத சாமி. கையத் தூக்கு. வாயத் தொற. வர்ற தண்ணிக்கு மூஞ்சியக் காட்டு’ என்று கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். அதற்குப் பிறகு வருடா வருடம் அவர் வந்ததும் பையன் அவரோடு வண்டிக்குப் போய்விடுவான். இரண்டு பேருக்கும் நடுவில் வேறு பேச்சே கிடையாது. அந்தத் தண்ணீரில் நிற்பது ஒன்றுதான்.

மச்சான் கம்பியைப் பிடித்தபடி பாறைக்குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவன் குடிக்கலீங்க,” என்றார் மாதேஷிடம்.

“நீங்க அந்தப் பையனுக்கு...?” என்றார் மாதேஷ். அதையும் காதில் சொன்னேன்.

“அப்பன்.”

மாதேஷ் தொப்பியைக் கழற்றினார். இனிமேல் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார். அதை நான் மச்சானின் காதில் சொன்னேன். “செரிங்க,” என்றார்.

மதியம் பூங்கா வாசலுக்கு வெளியே தக்காளிச் சாதமும் தயிர்ச் சாதமும் கொடுத்தார்கள். இரண்டையும் சாப்பிட்டார். திரும்பும் வழியில் அறிவு மறுபடி மைக்கோடு வந்து, சுற்றுலா எப்படி இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நான் தடுப்பதற்குள் மைக்கை மச்சான் வாய்க்கு நேராக நீட்டிவிட்டார்.

“நல்லா இருந்துச்சுங்க,” என்றார் மச்சான்.

வீட்டுக்கு வரும்போது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா வாசல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு நின்றாள். செருப்பைக் கழற்றக் கூட விடவில்லை. அவருடைய இடது பக்கம் வந்து நின்று கேட்டாள்.

“குடிச்சிருந்தானுங்களா?”

“இல்ல புள்ள.”

அக்கா அப்படியே படியில் உட்கார்ந்தாள். “எனக்குத் தெரியும், எஞ்சாமி என் தலையில அடிச்ச சத்தியத்த மீற மாட்டான், எனக்குத் தெரியும்,” என்று சொல்லிச் சொல்லி அழுதாள். பதினொரு மாதத்தில் அவள் இப்படி வாய்விட்டு அழுது நான் பார்க்கவில்லை. எனக்கும் கண் கலங்கியது. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நிமிர்ந்தாள்.

“அப்பறம் ஏன் மத்த பசங்களாட்டம் ஓடியாரல?”

கால் வழுக்கிவிட்டது என்று சொல்ல நான் வேனிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் மச்சான் சொன்னார்.

“நாந்தான் புள்ள. கலங்கல் தண்ணி வந்தா ஓடாத, கையத் தூக்கிட்டு நில்லுன்னு நாந்தான் பழக்குனேன். அதையேதான் செஞ்சிருக்கறான்.”

எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று போர் போட்ட நிலத்துக்காரரிடம் சொல்வாரே, அதே குரல். அதில் ஏற்ற இறக்கம் இல்லை. சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.

அக்கா எழுந்து போய்க் குழாயில் முகம் கழுவினாள். திரும்பி வந்து, அவர் தோளைப் பிடித்து, காதருகே குனிந்தாள்.

“இத இன்னொருத்தர்கிட்டச் சொல்லாதீங்க மாமா. ஆருகிட்டயும் வேண்டாம். குடிச்சிருந்தான்னே இருந்துட்டுப் போவுது.”

பிறகு என்னைப் பார்த்தாள். “உனக்குந்தான் தம்பி.”

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்தவன் வந்து பேசவா போகிறான்? அவன் பேரைக் காப்பாற்றத்தானே இத்தனை தூரம் போய் வந்தோம்? இதைச் சமையலறை வரை போய் அவளிடமே கேட்டேன். “அவன் போயிட்டான். இவரு இருக்கறாரு,” என்று சொல்லிவிட்டு அரிசி களைந்தாள்.

அடுத்த மாதம் முதல் வருடத் திதி வந்தது. கூடத்தில் பந்தி போட்டிருந்தோம். மச்சான் எதிர் வரிசையில் இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சென்னியப்பன் பெரியப்பா எங்கள் சொந்தத்தில் மூத்தவர். மனதில் கள்ளம் இல்லாதவர், வாய்தான் நிற்காது. அக்கா அவர் இலைக்கு ரசம் கொண்டுபோனாள்.

“தங்கமான பையன் சாமி,” என்றார் பெரியப்பா, வரிசை முழுக்கக் கேட்கும்படி. “இந்தக் குடி ஒண்ணு இல்லீன்னா இன்னிக்கு இந்தப் பந்தியில நம்மளோட உக்காந்திருப்பான்.”

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கரண்டியில் மொண்ட ரசத்தைச் சிந்தாமல் சோற்றில் ஊற்றினாள்.

“ஆமாங்க பெரியப்பா,” என்றாள்.