பாலாநகர் குவார்ட்டர்ஸில் ஒரு வெளிநாட்டுக்காரன்

சென்னை சென்ட்ரலில் மாலை ரயில் ஏறியவன் மறுநாள் காலை கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே பாறைகளாக இருந்தன. ஒன்றின் தலையில் ஒன்று, யாரோ குழந்தை விளையாடிவிட்டு எடுத்து வைக்காமல் போன மாதிரி. மரம் அங்கொன்றும் இங்கொன்றும்தான். நான் பிறந்த தைப்பிங், மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் ஊர் என்று பெயர் வாங்கியது. பச்சையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, 1988 மே மாதக் கடைசியில் ஹைதராபாத் இப்படித்தான் அறிமுகமானது. எடுத்த எடுப்பிலேயே எனக்குப் பிடித்துப் போயிற்று.

நான் சுற்றிப் பார்க்க வரவில்லை. சிறு விமானம் ஓட்டும் உரிமம் ஒன்றை ஈப்போவில் வாங்கி வைத்திருந்தேன். அதை வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. பிழைக்க வேண்டுமானால் இன்னும் நிறைய பறந்திருக்க வேண்டும், பறக்க நிறைய செலவாகும். பருத்தி வயல்களுக்கு மேலிருந்து மருந்து தெளிக்கும் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று, என்னைச் சம்பளம் கொடுத்துப் பயிற்சி விமானியாக வைத்துக்கொள்ள இசைந்தது. ஒரே நிபந்தனை: ஜூன் முடிவதற்குள் என் விசாவை வேலை விசாவாக மாற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கும் டில்லிப் பையனுக்கு. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து சேர்த்ததெல்லாம் ஈப்போ உரிமத்தோடு கரைந்துவிட்டது. இது போனால் நான் கடைக் கணக்கு எழுதத்தான் போக வேண்டும்.

ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு குடும்பம். ஊரில் கோயில் கொடை முடிந்து திரும்பும் திருநெல்வேலிக்காரர்கள் என்பது அவர்கள் பிரித்த பொட்டலங்களிலேயே தெரிந்தது. குடும்பத் தலைவருக்கு நாற்பது வயதிருக்கும். பெயர் சிவசுப்பிரமணியன். விமானத்துக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் பாலாநகர் அரசுத் தொழிற்சாலையில் வேலை.

“தம்பிக்கு ஹைதராபாத்துல என்ன சோலி?” என்று கேட்டார்.

“பிளேன் ஓட்ட வந்திருக்கேன்.”

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி என் செருப்பைப் பார்த்தார். பிறகு நான் தங்குவதற்கு நல்ல லாட்ஜ் ஏதாவது உண்டா என்று கேட்டேன். நிறுவனம் பேகம்பேட்டையில் தரும் அறை ஜூன் கடைசியில்தான் காலியாகும்.

“லாட்ஜா? பாஷை தெரியாத ஊர்ல லாட்ஜ்ல போய்க் கெடப்பியளா? நல்லாருக்கே! நம்ம வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு.”

“சும்மா ஒண்ணும் கெடக்கல. மாவு டின்னு, பழைய சாமான் அம்புட்டும் அங்கதான் கெடக்கு,” என்றார் மனைவி. சற்று நிறுத்தி, “அதை நான் ஒதுக்கிப் போட்டுக்கிடுதேன். நீங்க வாங்க தம்பி,” என்று முடித்தார்.

மலேசியா என்று சொன்னேன். மறைக்கவில்லை. “எங்க பெரியப்பா மவன் பினாங்குலதான் கடை வச்சிருந்தாரு,” என்றார் அவர். அத்தோடு என் தேச விசாரணை முடிந்துவிட்டது. செகந்திராபாத் நிலையத்திலிருந்து பாலாநகருக்குப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஆட்டோ பதினான்கு ரூபாய். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வாசலில் காவலாளி சிவசுப்பிரமணியனுக்கு சலாம் வைத்தான். எனக்கும் சேர்த்து வைத்ததாக நான் எடுத்துக்கொண்டேன். வாசல் பலகையில் மூன்று மொழியில் ஏதோ எழுதியிருந்தது. அதைத் தினமும் கடந்து போனேனே தவிர படிக்கவில்லை.

அவரை அண்ணாச்சி என்றும், அவர் மனைவியை மதினி என்றும் கூப்பிடக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தார்கள். எங்கள் வீட்டிலும் சொதி உண்டு, இடியாப்பத்துக்கு ஊற்றிக்கொள்வோம் என்றேன். மதினிக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம் என்னைக் காட்டி, “நம்ம ஊர்ப் பக்கந்தான், தைப்பிங்கு,” என்றார். “தஞ்சாவூர் பக்கமா?” என்று அந்த அம்மாள் கேட்க, மதினி யோசிக்காமல் தலையாட்டினார். வீட்டில் தமிழ் பேசாத ஒரே ஜீவன் அவர்கள் மகள் கோமதி. பத்து வயது. “ஏட்டி, பால் குடி,” என்றால் “நக்கோ அம்மா!” என்பாள், ஹைதராபாத் உருதுவில் வேண்டாம் என்று அர்த்தம். திட்டினால் தெலுங்கில் பதில் வரும். அந்த வீட்டில் யார் வெளியூர் என்று புதிதாக வருகிறவர் ஒருவரைக் கேட்டிருந்தால் அவளைத்தான் காட்டியிருப்பார்.

காலை ஐந்தரைக்கெல்லாம் பேகம்பேட்டை விமான நிலையத்துக்கு பஸ். விசா மாறும்வரை சம்பளமும் கிடையாது, தனியாகப் பறக்கவும் கூடாது. பயிற்சியாளரோடு உட்கார்ந்து போகலாம். துணி போர்த்திய இறக்கையுள்ள இரண்டு இருக்கை விமானம். முதல் நாள் மேலே ஏறியதும் இடப்பக்கம் திரும்பச் சொன்னார் பயிற்சியாளர். திரும்பினேன், மொத்த நகரமும் சாய்ந்து வந்தது. உசேன் சாகர் ஏரி வெயிலில் பளபளத்தது. அதன் கரைச் சாலையில் மாடி பஸ்கள் தீப்பெட்டி அளவில் போய்க்கொண்டிருந்தன. தெற்கே புகைமூட்டத்துக்குள் சார்மினாரின் நான்கு தூண்கள். மேற்கே கோல்கொண்டாவின் மதில் பாறையோடு பாறையாகக் கிடந்தது. பச்சை போர்த்தாத ஊரை நான் மேலிருந்து பார்த்ததே இல்லை. இவ்வளவு பழைய ஊருக்கு மேலே, இவ்வளவு சின்ன விமானத்தில், நான்! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, உயரத்தைக் கவனி என்றார்.

விசா வேலைக்குப் பழைய நகரத்திலுள்ள போலீஸ் கமிஷனர் அலுவலகம் போக வேண்டும். மற்ற ஊரில் அரசு அலுவலகத்தில் காத்திருப்பது தண்டனை. அங்கே பக்கத்திலேயே ஈரானி டீக்கடை இருந்தது, டீ ஒரு ரூபாய், உப்பு பிஸ்கட் தனி. நான் இருக்குமிடம் எது என்று விண்ணப்பத்தில் கேட்டிருந்தார்கள். அண்ணாச்சியின் குவார்ட்டர்ஸ் எண்ணை அழகாக எழுதிக் கொடுத்தேன். விசாரணைக்கு ஆள் வரும் என்றார்கள். வரட்டுமே என்றேன்.

ஜூன் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை மாலை வந்தார். ஹபீப் என்று பெயர், சப் இன்ஸ்பெக்டர், நல்ல உயரம். நான் கூடத்தில் உட்கார்ந்து மதினிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றபடி, இந்த வீட்டில் ஒரு வெளிநாட்டுக்காரர் இருக்கிறாராமே என்று இந்தியில் கேட்டார். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு, உடைந்த இந்தியில், ஆனால் சத்தியம் பண்ணுகிற குரலில் சொன்னார், இங்கே வெளிநாட்டுக்காரர் யாரும் இல்லை, வேறு வீடாக இருக்கும் என்று.

மதினி பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையாகவே ஞாபகம் வரவில்லை.

நான் எழுந்து பாஸ்போர்ட்டைக் கொண்டு வந்து நீட்டினேன். ஹபீப் சாகிப் என்னைப் பார்த்தார், வெங்காயத்தைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வேலை முடிந்து வந்தார். போலீஸ் உடுப்பையும் என் கையிலிருந்த சிவப்புப் பாஸ்போர்ட்டையும் சேர்த்துப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. சைக்கிளைச் சாத்தாமலே விட்டார், அது விழுந்தது.

“தம்பி... நீங்க வெளிநாட்டுக்காரவுகல்லா!” என்றார். ரயிலில் சொன்னதை அன்றைக்குத்தான் அவர் கேட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகுதான் விஷயம் எனக்குத் தெரிந்தது. ராணுவ விமானங்களுக்கும் கருவி செய்கிற தொழிற்சாலை. முன் அனுமதி இல்லாமல் அதன் குவார்ட்டர்ஸில் வெளிநாட்டவர் ஓர் இரவுகூடத் தங்கக் கூடாது. வாசல் பலகை மூன்று மொழியில் சொன்னதும் இதைத்தான். நான் இரண்டு வாரத்துக்கு மேல் தங்கி, சொதி சாப்பிட்டிருக்கிறேன். அதைவிட மோசம், அண்ணாச்சிக்கு வியாழக்கிழமை ஃபோர்மன் பதவி உயர்வுக்கு நேர்காணல். பதினோரு வருஷமாகக் காத்திருந்த நேர்காணல். இந்த நேரத்தில் பாதுகாப்பு அதிகாரிக்கு இது தெரிந்தால் உயர்வு இருக்கட்டும், வேலையே ஆடும். தெரியாமல் மறைத்து, நான் அந்த முகவரியில் இல்லை என்று ஹபீப் சாகிப் எழுதினால், என் விசா போயிற்று.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. இன்றே லாட்ஜுக்குப் போகிறேன், விண்ணப்பத்தில் முகவரியை மாற்றி எழுதி, ஆரம்பத்திலிருந்து அங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன் என்றேன். ஹபீப் சாகிப் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார். மறுக்கவும் இல்லை. அண்ணாச்சிக்குத்தான் கோபம் வந்தது.

“எங்க வீட்ல உக்காந்து சாப்பிட்டியள்லா? பொறவு லாட்ஜ்ல இருந்தேன்னு எப்படிச் சொல்லுவிய? நான் என்ன களவாணியா, உங்கள ஒளிச்சு வைக்க?”

“உங்க இன்டர்வியூ, அண்ணாச்சி...”

“அது என் பாடு.”

மதினி உள்ளே போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் காப்பியோடு வந்தார். ஹபீப் சாகிப் “நக்கோ, நக்கோ” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு இரண்டு டம்ளர் குடித்தார். எழுந்தபோது என் தோளைத் தட்டி, “கைக்கு டர்தே மியான்?” என்றார். ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கிறார் என அண்ணாச்சி மொழிபெயர்த்தார். மொழிபெயர்த்தவர் தன் காப்பியைத் தொடவே இல்லை.

மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே, அண்ணாச்சி பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனார். அரை நாள் உட்கார வைத்துக் கேட்டார்கள். பிற்பகல் என்னையும் கூப்பிட்டார்கள். அதிகாரி மரியாதையானவர், ஆனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்று மாலைக்குள் வெளியேறச் சொன்னார். பேகம்பேட்டை நிறுவனத்தில் ஸ்டோர் ரூமில் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். வியாழக்கிழமை நேர்காணல் நடந்தது. அண்ணாச்சி பெயர் அதில் இல்லை. எச்சரிக்கை மெமோ ஒன்று கொடுத்து, உயர்வை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். வேலை தப்பியது.

ஜூன் கடைசி வாரம் பாஸ்போர்ட்டில் வேலை விசா முத்திரை விழுந்தது. ஹபீப் சாகிப்தான் கூப்பிட்டுக் கொடுத்தார். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று கேட்டேன். வீட்டுக்காரரே முன்வந்து எல்லாம் சொன்னதாகவும், சந்தேகப்பட எதுவுமில்லை என்றும் தொழிற்சாலையிலிருந்து எழுதி வந்ததாம். அதற்கு மேல் எங்கள் ஆட்கள் என்ன விசாரிப்பார்கள் என்றார். வெளியே வந்து ஈரானிக் கடையில் டீ சொன்னேன். அண்ணாச்சி வாயைத் திறந்தது என் வாழ்க்கையைத் திறந்துவிட்டது, அவர் வாழ்க்கையில் ஒரு வருஷத்தைச் சாத்திவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலாநகர் போனேன். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வாசலில் நின்று சொல்லிவிட்டுத் திரும்புவதாகத்தான் உத்தேசம். காவலாளியிடம் சொல்லி அனுப்பினேன். கால் மணி நேரம் கழித்து அந்த ஊர்வலம் வந்தது: முன்னால் கோமதி கோரைப்பாயோடு, பின்னால் அண்ணாச்சி இரண்டு தூக்குவாளியோடு, கடைசியில் மதினி வாழை இலையும் தண்ணீர்ச் செம்புமாக.

வாசல் சங்கிலிக்கு வெளியே தரையில் ஒரு வெள்ளைக் கோடு. அண்ணாச்சி அதைத் தாண்டி, வேப்பமரத்தடியில் பாயை விரித்தார்.

“கோட்டுக்கு அங்கிட்டுதான் ஃபேக்டரி. இங்கிட்டு ரோடு. எவனும் கேக்க முடியாது. உக்காருங்க.”

தைப்பிங்கில் விருந்தாளி வந்தால் கதவை அகலத் திறந்து வைப்போம். அதைத்தான் உபசாரம் என்று நினைத்து வளர்ந்தேன். கதவைத் திறக்க வழியில்லாதவர்கள் தெருவுக்கு வந்து இலை போட்டதை இந்த ஊரில்தான் பார்த்தேன். லாரி போனது, புழுதி எழுந்தது, மதினி முந்தானையால் சொதியை மூடிக்கொண்டார். சோற்றில் கை வைக்க முடியாமல், “உங்க பிரமோஷன் என்னாலதான், அண்ணாச்சி...” என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி வேறெங்கோ பார்த்தார்.

மதினி கரண்டியோடு என்னைப் பார்த்தார். பதினோரு வருஷமும் அந்தப் பார்வையில் இருந்தது. கோபமும் இருந்தது, மறைக்கவில்லை.

“உங்க விசா வந்துட்டுல்லா?”

“வந்துட்டு மதினி.”

“அப்ப வாய மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க,” என்று சொல்லி, நான் கேட்காமலே இன்னொரு கரண்டி ஊற்றினார்.